பாஞ்சாலை வீட்டில் இருந்த பை

கஸ்தூரி பொய் சொல்கிறாள் என்று வேங்கிக்காலில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதுதான் கண்ணுகளா, அவளுக்குத் தாங்கவில்லை. வாய்விட்டுச் சொல்லியிருந்தால் பதிலுக்கு இவளும் நாலு வார்த்தை கேட்டிருப்பாள். பால் வாங்கப் போனால், "போவலியா கஸ்தூரி, பரவால்ல, உடம்பைப் பாத்துக்க" என்பார்கள். இவளுக்கு உடம்புக்கு ஒன்றுமே இல்லை.

மஸ்கட்டுக்குப் போக விடிகாலையில் கிளம்பியவள், விளக்கு வைக்கிற நேரத்துக்கு அதே காரில் திரும்பி வந்து இறங்கினாள். மகள் தேவிப்ரியா அங்கே நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். இரண்டாவது பிரசவம். முதல் பிரசவத்துக்கும் கஸ்தூரி போகவில்லை. அப்போது புருஷன் சகாதேவனுக்குப் பித்தப்பையில் ஆபரேஷன். காரணம் உண்மைதான், ஆனால் பெற்ற மகள் தனியாகக் கிடந்து பிள்ளை பெற்றதும் உண்மைதானே. இந்தத் தடவை மருமகன் அருண்பிரசாத் தானே டிக்கெட் போட்டு அனுப்பியிருந்தான். கஸ்தூரியோ டிக்கெட் வந்த நாளிலிருந்து தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள், "எனக்கு ஏரோப்ளேன்னாலே வயித்தக் கலக்குது" என்று. அப்படிச் சொன்னவள் திரும்பி வந்தால் சனங்கள் என்ன நினைக்கும்?

போதாததற்கு அன்றைக்குப் பௌர்ணமி. திருவண்ணாமலைக்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். கிரிவலக் கூட்டம் சேர்ந்துவிட்டால் பஸ் ஊருக்குள் நுழையாது, ஆட்டோ நகராது. இவர்கள் கூட்டம் சேரும் முன்பே கிளம்பிப் போய்விட்டவர்கள். திரும்பும்போதுதான் கூட்டத்தில் மாட்டினார்கள். மாட்டி நின்ற காரைப் பார்த்தவர்கள், போகும்போதே மாட்டிக்கொண்டார்கள் என்று முடிவு கட்டினார்கள். விமானக் கம்பெனியிலிருந்து மருமகன் போனுக்கு வந்த செய்தியும் அதையேதான் சொன்னது. பயணி உரிய நேரத்தில் வரவில்லை. ஒரே வரி. அவன் அதை அப்படியே மாமனாருக்கு அனுப்பினான், கூட ஒரு வார்த்தை எழுதவில்லை.

மறுநாள் தேவிப்ரியா பேசினாள். எடுத்த எடுப்பில் அழவில்லை, கத்தவில்லை.

"உண்மையச் சொல்லும்மா. உள்ள போயி எங்கியாவது ஒக்காந்து நேரத்தப் போக்கிட்டு வந்துட்டதானே?"

"கவுன்ட்டர்ல நின்னேன்டி. அவங்கதான் ஏத்தலன்னு சொல்றேன்ல."

"அவங்களுக்கு உம்மேல இன்னாம்மா பகை?"

என்ன பகை என்று கஸ்தூரிக்கே புரியவில்லை.

நடந்தது இதுதான், பொறுமையாகக் கேளுங்கள். கிளம்ப வேண்டிய வியாழக்கிழமை விடிகாலை எமகண்டமாக இருந்தது. சகாதேவன் மல்லாட்டை வியாபாரி, நிலக்கடலையைத்தான் நம் பக்கத்தில் அப்படிச் சொல்வது. மூட்டை ஏற்றுவதற்கும் பஞ்சாங்கம் பார்க்கிற மனுஷன். நேரம் சரியில்லை என்பதற்காக விமானத்தை நிறுத்திவைக்க முடியுமா? அதனால் நம் பக்கத்தில் வழக்கமாகச் செய்வதைச் செய்தார். புதன்கிழமை நல்ல நேரத்தில் பையை எடுத்துக்கொண்டு போய் எதிர்வீட்டுப் பாஞ்சாலை வீட்டில் வைத்தார். பரஸ்தானம் வைப்பது என்பார்கள். பை படி தாண்டிவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு ஆள் எந்த நேரத்தில் கிளம்பினாலும் தோஷம் இல்லை.

ஏர்போர்ட்டில் கவுன்ட்டர் திறந்த கொஞ்ச நேரத்திலேயே கஸ்தூரி போய் வரிசையில் நின்றாள். அங்கிருந்த பெண் சிரித்த முகமாகப் பையை எடை போட்டாள். நீளமான டேக் ஒன்றை எடுத்துக் கைப்பிடியில் சுற்றி ஒட்டினாள். கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, பை உங்களிடமேதான் இருந்ததா, வேறு யாரிடமாவது கொடுத்திருந்தீர்களா என்று கேட்டாள். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். எல்லோரும் இல்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டிருந்தார்கள். கஸ்தூரி உள்ளதைச் சொன்னாள்.

"நேத்துலேர்ந்து பாஞ்சாலை அக்கா வீட்ல இருந்துச்சும்மா. காலையில வரும்போதுதான் எடுத்தோம்."

அந்தப் பெண்ணின் கை அப்படியே நின்றது. உள்ளேயிருந்து மேலாளர் ஒருவர் வந்தார். பையை இறக்கித் தரையில் வைத்துத் திறந்தார்கள். புடவைகளுக்கு நடுவில், பிரசவ லேகிய டப்பாவுக்குப் பக்கத்தில், மஞ்சள் துணியில் முடிந்த ஒரு சின்ன முடிச்சு இருந்தது. கஸ்தூரி அதைக் கண்ணால் கண்டதே இல்லை. இது என்ன என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாது, இது என்னுடையது இல்லை என்றாள்.

அதற்குப் பிறகு அவளிடம் யாரும் சிரிக்கவில்லை. ஓரத்தில் ஒரு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்கள். வெகுநேரம் கழித்து செக்யூரிட்டி ஆள் ஒருவர் வந்தார். முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஏதோ காய்ந்த துண்டுகளும் ஒரு சின்னப் பொட்டலமும் என்றுதான் நாற்காலியிலிருந்து அவளுக்குத் தெரிந்தது. மோந்து பார்த்தார், துணியால் துடைத்து ஏதோ மெஷினில் வைத்துப் பார்த்தார், ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டி, முடிச்சைப் பையிலேயே போட்டுவிட்டுப் போனார். அப்பாடா என்று கஸ்தூரி எழுந்து கவுன்ட்டருக்குப் போனால், மேலாளர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். கவுன்ட்டர் மூடியாகிவிட்டது, நீங்கள் லேட் என்றார். நான் எப்போதோ வந்துவிட்டேனே ஐயா என்றதற்கு, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனை எடுத்துப் பேச ஆரம்பித்தார்.

அவர் பெயர் என்ன என்று கஸ்தூரி பார்த்துக்கொள்ளவில்லை. ஏற்ற முடியாது என்பதை எழுதிக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. கையில் போன் இருந்தும் ஒரு போட்டோ எடுக்கவில்லை. இதெல்லாம் தோன்றாதா என்று உங்களுக்கு ஆற்றாமையாக இருக்கும். உட்காரச் சொன்னால் உட்கார்ந்து பழகிய உடம்பு தாயிகளா, அந்த நேரத்தில் அதற்கு வேறொன்றும் தெரியாது. நீங்கள் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், அதற்காகத்தான் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகு சகாதேவனும் ஒரு தடவை கேட்டார். ஏர்போர்ட் வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டவர், உள்ளே நடந்ததைப் பார்க்காதவர்.

"நெஜமா கவுன்ட்டருக்குப் போனியா?"

கஸ்தூரி அன்றைக்குச் சாப்பிடவில்லை.

எல்லோரும் அவளைச் சந்தேகப்பட, அவள் பாஞ்சாலையைச் சந்தேகப்பட்டாள். பிறகு யாரைத்தான் சந்தேகப்படுவாள்? அந்த முடிச்சு தானாக நடந்து வந்து பைக்குள் ஏறியிருக்காது. பாஞ்சாலையின் அக்கா மகன் அன்பரசன் போன மாதம்தான் துபாயிலிருந்து வந்து அந்த வீட்டில் தங்கிவிட்டுப் போனான். ஏர்போர்ட்டில் தெரியாதவர் பையில் எதையாவது போட்டு அனுப்பும் செய்திகளை டிவியில் எத்தனை பார்த்திருக்கிறாள். காய்ந்த துண்டுகள்தான் என்று செக்யூரிட்டி விட்டுவிட்டார் சரி, அதற்கடியில் வேறு என்ன இருந்ததோ? வேறு ஒன்றும் இல்லை என்றால் எதற்கு ஒளித்து வைக்க வேண்டும்? தினமும் கோலம் போட்டுவிட்டு இங்கே வந்து ஒரு வாய் காபி குடிக்கிற பாஞ்சாலை, இவள் திரும்பி வந்த நாளிலிருந்து வாசலைத் தாண்டவில்லை. சமையல்கட்டு ஜன்னல் வழியாகக் கஸ்தூரி பார்த்துக்கொண்டே இருந்தாள். இவள் ஜன்னலில் தெரிந்தால் அந்த வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளும்.

நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ச்சந்தில் இருக்கிற வக்கீல் எழிலரசியிடம் போனாள். சின்ன வயசுதான், நுகர்வோர் கோர்ட் வழக்காகவே எடுத்து நடத்துகிறவள். கதையைக் கேட்டுவிட்டு ஐயோ பாவம் என்று ஒரு சொல் சொல்லவில்லை. அடுக்கடுக்காகக் கேள்வி கேட்டாள். எதற்காக அவ்வளவு சீக்கிரம் போனீர்கள்? போக இஷ்டமில்லை என்று தெருவில் சொன்னீர்களாமே? முடிச்சு உங்களுடையது இல்லை என்றால் பையை அங்கேயே விட்டுவிட்டு ஏன் வரவில்லை? கஸ்தூரிக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீங்களும் என்னை நம்பலியா வக்கீலம்மா?"

"நான் நம்பி ஒண்ணும் ஆவப்போறதில்லம்மா. கம்பெனிக்காரன் கேக்குறதை இப்பவே நான் கேட்டுடறேன். அழுவறதா இருந்தா இங்கியே அழுதுடுங்க, அங்க அழக்கூடாது."

பிறகுதான் வேலை ஆரம்பித்தது. ஏர்போர்ட் போகும் வழியில் பரனூர் டோல்கேட்டைக் கார் தாண்டியதற்குச் சகாதேவன் போனில் செய்தி வந்திருந்தது. அழிக்காமல் இருந்தார், நல்லவேளை. நாற்காலியில் உட்கார்ந்தபடி கஸ்தூரி அவருக்குப் போன் போட்டது அவள் போனிலேயே பதிவாகியிருந்தது. இரண்டையும் எழிலரசி போட்டோ பிடித்து வைத்துக்கொண்டாள். ஏர்போர்ட்டில் கேமரா பதிவைக் கொஞ்ச நாள்தான் வைத்திருப்பார்கள், அழிப்பதற்கு முன் நிறுத்திவைக்கச் சொல்லி இன்றைக்கே எழுத வேண்டும் என்றாள். நடந்ததை நடந்த வரிசையில் எழுதச் சொன்னாள். கோபமாக ஒரு வரி கூடாது, அநியாயம் என்ற வார்த்தையே கூடாது, நினைவில்லாததை நினைவில்லை என்றே எழுத வேண்டும். கஸ்தூரி சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்தவள், டேக் ஒட்டினார்கள் என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினாள்.

"டேக்கு ஒட்டினாங்களா? நல்லா ஞாபகம் இருக்கா?"

கைப்பிடியில் சுற்றி ஒட்டினார்கள் என்றாள் கஸ்தூரி.

"லேட்டா வந்தவங்க பைக்கு யாரும்மா டேக்கு ஒட்டுவாங்க? அந்தப் பை எங்க?"

"பாஞ்சாலை அக்கா வீட்ல."

எழிலரசி அவளையே பார்த்தாள். "மறுபடியுமா?"

பரஸ்தானம் வைத்த பை பயணம் முடியாமல் வீட்டுக்குள் வரக்கூடாது என்று, திரும்பி வந்த அன்றைக்கு சகாதேவன் அதைக் காரிலிருந்து இறக்கி நேராக எதிர்வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டிருந்தார். கஸ்தூரி தடுத்தாள்தான். தடுப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டுமே, சொன்னால் இரண்டு வீட்டுக்கும் சண்டையாகுமே என்று வாயை மூடிக்கொண்டாள். இப்போது ஆட்டோக்காரரைச் சீக்கிரம், சீக்கிரம் என்று விரட்டிக்கொண்டே வந்தாள். அந்த டேக் போயிருந்தால் எல்லாம் போயிற்று. பாஞ்சாலைக்கு மறைக்க ஏதாவது இருந்தால், முடிச்சோடு டேக்கையும் கிழித்து அடுப்பில் போட்டிருப்பாள்.

வீட்டுக்குக்கூடப் போகாமல் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். பாஞ்சாலை திறந்தாள். கஸ்தூரியைவிடப் பத்து வயது மூத்தவள், புருஷன் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது, தனிக்கட்டை. உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். கட்டிலுக்கு அடியில், பழைய புடவை ஒன்றைப் போர்த்தி, பை இருந்தது. கஸ்தூரி புடவையை விலக்கினாள். கைப்பிடியில் டேக் சுற்றியபடியே இருந்தது. ஓரம்கூடக் கசங்கவில்லை.

"தூசி படக்கூடாதுன்னு போத்தினேன்," என்றாள் பாஞ்சாலை. "வேற ஒண்ணும் தொடல."

"இப்ப தொடல. மொதல்ல தொட்டீங்கல்ல அக்கா?"

பாஞ்சாலை கட்டிலில் உட்கார்ந்தாள். தலைப்பை எடுத்து விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். கஸ்தூரி நின்றுகொண்டே இருந்தாள்.

"வசம்பு அது," என்றாள் கடைசியில். "கொழந்த கையில கட்ட. கொஞ்சம் கோயில் விபூதி. பூத நாராயணன் கோயில் பக்கத்துக் கடையில பாத்துப் பாத்து வாங்கினேன்."

"அதை எங்கையில குடுத்திருந்தா நான் வாங்கமாட்டனா?"

"வாங்கியிருப்பியா? நீயே சொல்லு. தேவி மொத வாட்டி உண்டானப்ப, வளைகாப்புல தெரு முழுக்கக் கூப்ட்டு வளையல் போடச் சொன்ன. என்னை இன்னா பண்ண? அக்கா, நீங்க அடுப்பப் பாத்துக்குங்கன்னு உள்ள அனுப்பிட்ட. பிள்ள பெக்காதவ, தாலி இல்லாதவ. ஏழு சோறும் நான்தான் கிளறினேன். நான் ஒண்ணும் சொல்லல அன்னைக்கு."

வெளியே ஏதோ ஒரு வேன் ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. கஸ்தூரிக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. அக்கா கை பக்குவம் யாருக்கும் வராது என்று சிரித்துக்கொண்டே சொல்லித்தான் உள்ளே அனுப்பினாள். சிரித்துக்கொண்டே சொன்னதால் தெரியாது என்று நினைத்தாள்.

"என்னாலதான் உன் பயணம் கெட்டுது," என்றாள் பாஞ்சாலை. "அதான் மூஞ்சியக் காட்டல. திட்டறதா இருந்தா திட்டிட்டுப் போ."

கஸ்தூரி திட்டவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, கேட்க வாய் வரவில்லை. கட்டிலில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

டேக்கைக் கிழிக்காமல், பையோடு சேர்த்து எல்லாப் பக்கமும் எழிலரசி நேரில் வந்து போட்டோ எடுத்தாள். முடிச்சைப் பாஞ்சாலைதான் ஒளித்து வைத்தாள் என்று கேட்டதும் அவள் முகம் மாறியது.

"இத எழுத வேணாம்மா. அவங்க அதையே புடிச்சுக்குவாங்க. இன்னொருத்தர் ஒளிச்சு வெச்ச பொருள்னு நாமளே எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிடும்."

கஸ்தூரி யோசித்தாள். விட்டுவிட்டால் தனக்கு நல்லதுதான். ஆனால் மகள் அதைப் படிப்பாள். பிறகு என்றைக்காவது முடிச்சு விஷயம் அவள் காதுக்கு வரும். வந்தால், இதை மறைத்தவள் வேறு எதை மறைத்தாளோ என்று அந்தப் பெண் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். மறைக்காமல் எழுதினால் பாஞ்சாலை பெயர் வெளியே வரும். போய் அவளையே கேட்டாள். கோர்ட்டு கீர்ட்டு என்றால் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்களா என்று பாஞ்சாலை முதலில் நடுங்கினாள். அப்புறம் சொன்னாள்.

"எழுதிக்க. ஒளிச்சதாலதான் இவ்ளோ வந்துச்சு. இன்னொரு வாட்டி ஒளிக்க என்னால ஆவாது."

எழிலரசி முணுமுணுத்துக்கொண்டேதான் எழுதினாள். பை எதிர்வீட்டில் இருந்தது, ஏன் இருந்தது, முடிச்சை யார் வைத்தார்கள், அதில் என்ன இருந்தது, செக்யூரிட்டி பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றது எல்லாம். கீழே பாஞ்சாலை தன் பெயரை எழுத்துக்கூட்டிப் போட்டாள்.

கம்பெனியின் முதல் பதில் பழைய பாட்டுத்தான். வருந்துகிறோம், பயணி உரிய நேரத்தில் வரவில்லை. எழிலரசி டேக் போட்டோவையும் சேர்த்து மறுபடி அனுப்பினாள். கேமரா பதிவைக் கோர்ட்டில் கேட்போம் என்றும் எழுதினாள். இரண்டாவது பதில் வர ஒரு வாரம் ஆனது. அந்த வாரம் கஸ்தூரிக்குத் தூக்கமே இல்லை. தேவிப்ரியா தினமும் போன் செய்தாள். கால் வீக்கம், மூச்சு வாங்குது, டாக்டர் இன்னது சொன்னார் என்று மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுவாள். எப்போது வருகிறாய் என்று கேட்பதை நிறுத்திவிட்டிருந்தாள்.

இரண்டாவது பதில் வந்த அன்றைக்குத்தான் எழிலரசி சிரித்து கஸ்தூரி பார்த்தாள். கடிதம் இங்கிலீஷில் இருந்தது. அவள் தமிழில் படித்துச் சொன்னாள். பயணி தமது பை வேறொருவர் வீட்டில் இருந்ததாக எங்கள் ஊழியரிடம் தெரிவித்தார், பையில் அடையாளம் தெரியாத பொருள் இருந்ததால் பாதுகாப்புச் சோதனைக்கு அனுப்பப்பட்டது, சோதனை முடியும் முன் கவுன்ட்டர் மூடப்பட்டது.

"புரிஞ்சுதாம்மா? இத்தினி நாளு வரவேயில்லன்னவங்க, வந்து இன்னா பதில் சொன்னீங்கன்னு வரை எழுதியிருக்காங்க. முடிச்ச வெச்சு உங்களை மாட்டவிடப் பாத்தாங்க. அவங்க வாயாலயே ஒத்துக்கிட்டாங்க. நான் விட்டுடலாம்னு சொன்னேன். விட்டிருந்தா இந்த லெட்டர் வந்திருக்காது."

அதை வைத்து அவள் மூன்றாவதாக ஒரு கடிதம் போட்டாள். பதிவில் தவறு நேர்ந்துவிட்டது என்று கம்பெனி இறங்கி வந்தது. பிரசவத்துக்கு முன்பே போகும்படி வேறு டிக்கெட் போட்டுத் தருகிறோம் என்றது. நஷ்டஈட்டுக்கு வழக்கு தனியாக நடக்கட்டும் என்றாள் எழிலரசி. அது நடந்துகொண்டிருக்கிறது.

எல்லாவற்றையும் சகாதேவன் மஸ்கட்டுக்கு அனுப்பினார். அன்று சாயங்காலம் வீடியோவில் முதலில் மருமகன் முகம்தான் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "படிச்சேன் அத்த," என்றான். "நான் அவசரப்பட்டுட்டேன்." போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு நகர்ந்தான்.

தேவிப்ரியா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் உப்பியிருந்தது.

"உன்ன நான் நம்பலம்மா. பேப்பர் வந்தப்புறம்தான் நம்பினேன். கோவமா?"

கஸ்தூரிக்குக் கோபம் இருந்தது. இத்தனை நாளாக அதைத்தான் பொத்தி வைத்திருந்தாள், இவள் இப்படிக் கேட்டதும் கொட்டிவிடலாம் என்று. ஆனால் கேட்ட முகத்தைப் பார்த்ததும் வேறொன்றுதான் வாயில் வந்தது. வக்கீலிடமும் சொல்லாதது, எந்தக் கடிதத்திலும் ஏறாதது.

"தேவி, நான் கவுன்ட்டர்ல நின்னது நெஜம். அவங்க ஏத்தாததும் நெஜம். ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. லேட்டு, போங்கன்னு அந்தாளு சொன்னாரு பாரு, அப்ப ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எனக்கு அப்பாடான்னு இருந்துச்சுடி. ஏற வேணாமேன்னு. அடுத்த நொடியே உன் ஞாபகம் வந்து நெஞ்சு அடைச்சுக்கிச்சு. ஆனா அந்த ஒரு நொடி இருந்துச்சு."

கஸ்தூரி போனை முகத்துக்கு அருகில் கொண்டுபோனாள்.

"எனக்குத் தெரியும்மா," என்றாள் தேவிப்ரியா. கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, உதடு சிரித்தது. "அதத்தான் அன்னைக்கே உன் கொரல்ல கேட்டேன். அத வெச்சுத்தான் மிச்சத்தையும் பொய்யின்னு நெனச்சுட்டேன்."

"இப்பவும் பயமாத்தான் இருக்கு."

"இருக்கட்டும். பயந்துக்கிட்டே வா. ஏறி ஒக்காந்ததும் போன் பண்ணு, கதவு சாத்தற வரைக்கும் நான் பேசிட்டே இருக்கேன்."

சரி என்றாள் கஸ்தூரி. கண்ணைத் துடைக்க ஒரு கையை எடுத்ததும் மகளின் முகம் திரையில் சாய்ந்தது. சகாதேவன் பக்கத்தில் வந்து, போனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.